பத்துச் சுற்றுக்குள்

தருமபுரி நாலு ரோட்டில் ஷாகிராவின் அண்ணன்
செல்போன் பழுது பார்க்கும் கடை. அதன் மாடியில்
ஞாயிறு இரவுகளில் நாங்கள் நாலு பேர்.
பகலெல்லாம் பட்டுக்கூடு ஏல அங்காடியில்
எடைச்சீட்டு எழுதும் நான்
அங்கே மட்டும் மழையையும் பூதங்களையும் ஏவுகிறவன்.
வரைபடம், போன வருஷத்து நாள்காட்டித் தாளின் முதுகில்.
இருபது முகப் பகடை பெங்களூரிலிருந்து கூரியரில் வந்தது,
ஏழாம் முகத்தில் கீறலோடு.

மாண்டவரை எழுப்ப எங்கள் ஆட்டத்தில் விதி இது:
முன்னூறு பொற்காசு பெறும் வைரம் ஒன்று வேண்டும்.
தொட்டதும் அது பொடியாகும்.
செத்துப் பத்துச் சுற்றுக்குள் தொட வேண்டும்.
பத்துச் சுற்றென்றால் ஒரு நிமிஷம்.
போன உயிருக்குத் திரும்பி வரச் சம்மதமும் வேண்டும்.

"ஒரு நிமிஷமா!"
முதல் நாளே சிரித்தான் தீர்த்தகிரி.
"எங்க வண்டி கேட்டைத் தாண்டவே ரெண்டு ஆகும்."
நூற்றெட்டில் வேலை. தொப்பூர் கணவாய் அவன் பொறுப்பு.
எங்கள் கதையில் அவன் பூசாரி.
எட்டு மாதம் ஆடிச் சேர்த்த ஒரே வைரம்
அவன் இடுப்பு முடிச்சில்.

அன்றைக்குப் பாலத்தில் கரடிமுகப் பூதம்.
ஷாகிராவின் திருடி, நெருஞ்சி,
இரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்தவள்,
மூன்றாம் சுற்றில் விழுந்தாள்.
அதே சுற்றில் அவர்கள் வந்த வண்டியும் கவிழ்ந்தது.
"ஓட்டினவன் அடியில் மாட்டிச் செத்தான்" என்றேன்
டீயை ஊதிக்கொண்டே.
என் குறிப்பேட்டில் அவன் இவ்வளவுதான்:
வண்டிக்காரன். உயிர்ப்புள்ளி நாலு.

"சீக்கிரம், அஞ்சாம் சுற்று" என்றாள் ஷாகிரா.
தீர்த்தகிரி என்னைப் பார்த்தான்.
"அவன் பேரென்ன?"
எவன்?
"வண்டிக்கடியில கெடக்கிறவன்."
பேரெல்லாம் வைக்கலடா.
"அப்ப அவனுக்குத்தான் வைரம்."

மாதேஷ் கத்தினான். ஷாகிரா கத்தவில்லை,
அது இன்னும் மோசம்.
"நாலு புள்ளி ஆளுக்கா?
அடுத்த ஊரில் வேறொருத்தன் கிடைப்பான்."
தீர்த்தகிரி பதில் சொல்லவில்லை.
எனக்கு மட்டும் தெரியும்.
செவ்வாய்க்கிழமை இரண்டாம் வளைவில்,
உப்பு மூட்டை லாரியின் கிளீனர்.
மார்பை அழுத்தி அழுத்தி இவன் கை மரத்துப்போய்
கடைசியில் படிவத்தில் எழுதினான்:
ஆண். சுமார் முப்பது. இடது கையில் மயில் பச்சை.
பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
அன்றிரவு போனில் இதைச் சொல்லிவிட்டு
பேட்டரி இல்லை என்று வைத்துவிட்டான்.

"எட்டாம் சுற்று" என்றேன்.
"தொட்டுட்டேன்" என்றான். "வர்றானா? கேளு."

செத்தவனுக்காகப் பேச வேண்டியவன் நான்.
அவனுக்கு நான் எதுவும் கொடுத்திருக்கவில்லை,
வீடில்லை, கடனில்லை, திரும்பி வர ஒரு காரணமில்லை.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
செவலைக் காளைக்குக் கழுத்தில் நுகத்தடிப் புண்,
அதற்கு வாங்கிய வேப்பெண்ணெய்
அவன் மடியில் இருக்கிறது, புட்டி உடையவில்லை.
பேர் சென்றாயன்.
சென்றவன், இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

ஷாகிரா நெருஞ்சியின் தாளை நாலாய் மடித்தாள்.
"கல்லாவது நடு" என்றாள்.
நம்ம ஊர்க்காரி, வேறென்ன கேட்பாள்.
பாலத்தடியில் பென்சிலால் ஒரு நடுகல் வரைந்தேன்:
ஒரு கையில் குறுவாள், மறு கையில் சாவிக்கொத்து.
"மூக்குத்தி விட்டுட்ட."
போட்டேன்.

அதற்குள் தீர்த்தகிரிக்குப் போன் வந்து
படி இறங்கி ஓடிவிட்டான்.
அவன் டீயின் மேல் விதிநூலை வைத்து மூடினோம்.

இப்போது சென்றாயன்தான் எங்கள் வண்டியை ஓட்டுகிறான்.
சண்டையில் உதவ மாட்டான், கூலி போதாதென்பான்.
அவன்மேல் அம்பு வந்தால்
பகடையை உள்ளங்கைக்குள் மறைத்து உருட்டுகிறேன்.
என்ன விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை.
மூன்று வாரம் வராதிருந்த ஷாகிரா
புது ஆளோடு வந்தாள், ஈட்டிக்காரி, கடுகடுப்பானவள்.
உட்கார்ந்ததும் கேட்டாள்:
"அந்தக் காளைக்குப் புண் ஆறிச்சா?"